பதினொரு சாக்கு பால்மா பக்கற்

2024 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. ஜெனரேற்றர் பார்க்க வந்த தம்பி அறைக் கதவைத் திறந்தார், உடனே இரண்டடி பின்னால் போனார். உள்ளே 11 சாக்குகள். அதில் ஒன்றின் வாயிலிருந்து எறும்புச் சாரி சுவரேறிக்கொண்டிருந்தது. புளித்த பால் மணம். மூலையில் எலிப் புழுக்கை. “இதை எடுத்தால்தான் நான் உள்ளே வருவேன் மிஸ்” என்றார். அந்தச் சாக்குகளை அங்கே வைக்கச் சொன்னது நான்.

ஐந்து மாதமாக 34 வீடுகளில் சேர்த்த பால்மா பக்கற், பிஸ்கட் உறை, நூடில்ஸ் உறை, தேயிலைப் பக்கற். நல்ல எண்ணத்தில் ஆரம்பித்த காரியம்தான். எங்கே சறுக்கினோம், பிறகு எப்படிச் சரிக்கட்டினோம் என்பதை எழுதுகிறேன். உங்கள் கட்டிடத்திலும் யாராவது இதே யோசனையோடு இருந்தால் அந்த ஐந்து மாதத்தையாவது மிச்சப்படுத்தலாம்.

குப்பை எங்கே போகிறது என்று நான் முதன்முதலில் யோசித்தது 2017இல். அந்த வருடம் ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நாங்கள் அன்று மதியம் பாயாசம் குடித்துவிட்டுப் படுத்திருந்தோம். அடுத்த சில நாட்கள் கொழும்பில் குப்பை எடுக்க ஆள் வரவில்லை, வாசலில் பைகள் வீங்கிக் கிடந்தன. எங்கள் வீட்டுத் தேங்காய்ப்பூவும் மீன் செதிலும் யாரோ ஒருவரின் கூரைக்குப் பக்கத்தில்தான் இத்தனை வருடமும் போய்க் குவிந்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த உறைப்பு செயலாக மாற ஏழு வருடம் ஆனது. 2024 தைப்பொங்கல் முடிந்து வந்த முகாமைத்துவக் குழுக் கூட்டத்தில் நான் கையைத் தூக்கினேன். போத்தலும் பேப்பரும் எப்படியோ போய்விடுகின்றன, யாரும் எடுக்காத சாமான்களை நாங்கள் சேர்ப்போம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டச் செலவில்லை. புறக்கோட்டையில் பெரிய வாளிகள் வாங்கினோம். மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டினோம். வாட்ஸ்அப்பில் கைதட்டல் படங்கள் குவிந்தன.

செய்யாத ஒரே வேலை, இதை யார் எடுப்பார்கள் என்று தொலைபேசியில் கேட்பது. சேர்ந்தால் யாராவது வருவார்கள் என்று நினைத்தோம். சேர்ந்த பிறகு கேட்டால், தொழிற்சாலைகளிடமிருந்து தொன் கணக்கில் எடுப்பவர்கள் எங்கள் சாக்குக் கணக்கைக் கேட்டு மரியாதையாகச் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் “எத்தனை கிலோ அக்கா?” என்றார். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை.

அன்று பின்னேரமே குசினித் தராசில் வைத்துப் பார்த்தேன். 400 கிராம் பால்மா வரும் வெறும் பக்கற் 9 கிராம். நூறு பக்கற் சேர்ந்தாலும் ஒரு கிலோ முட்டாது. எங்கள் 11 சாக்கும் மொத்தம் 23 கிலோ. பார்க்க மலை, தூக்கினால் பஞ்சு. ஒரு லொறி வந்து போகிற டீசல் காசுக்குக்கூட அது காணாது. இந்தக் கணக்கை வாளி வாங்க முன்பு செய்திருக்க வேண்டும்.

பால்மா பக்கற் ஏன் யாருக்கும் வேண்டாம் என்பதையும் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். வெளியே அச்சடித்த பிளாஸ்டிக், நடுவில் அலுமினியம், உள்ளே சூட்டில் ஒட்டுகிற பொலித்தீன். மூன்றும் ஒன்றோடொன்று பிசின் போட்டு ஒட்டிய படலங்கள். காற்றும் ஈரமும் வெளிச்சமும் பால்மாவுக்குள் போகாமல் இருப்பது அதனால்தான். மீள்சுழற்சிக்காரருக்குத் தலையிடியும் அதனால்தான். உருக்கினால் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். பிஸ்கட் உறையும் சிப்ஸ் உறையும் அதன் மெல்லிய தம்பிமார். 2021 மார்ச் 31 முதல் 20 மில்லிலீற்றர், 20 கிராம் வரையான சின்னப் பக்கற்றுகளுக்குத் தடை வந்தபோதுகூட உணவுக்கும் மருந்துக்கும் விலக்குக் கொடுத்தார்கள். ஆக, சட்டத்தை நம்பி இந்த உறைகள் குறையப்போவதில்லை. பிளேன்ரீயோடு நாங்கள் திருப்திப்பட்டால் உண்டு. யாழ்ப்பாணத்து ஆட்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, அந்த 11 சாக்கையும் மொட்டை மாடிக்கு ஏற்றி நான்கு பேர் உட்கார்ந்து பிரித்தோம். மூன்று சாக்குத்தான் சுத்தமாக இருந்தது. மிச்சத்தில் பால்மா ஈரம் பட்டுக் கட்டியாகி, பூஞ்சணம் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. எட்டுச் சாக்கும் சாதாரணக் குப்பை லொறியிலேயே போயின. லொறிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது முறை செப்டெம்பரில் ஆரம்பித்தோம். இம்முறை எடுப்பவரைத்தான் முதலில் தேடினேன். தெகிவளைப் பக்கம் சின்னக் களஞ்சியம் வைத்திருக்கும் ஒருவர் பல இடத்துச் சாமானைச் சேர்த்து மொத்தமாக அனுப்புகிறார். அவர் போட்ட நிபந்தனை மூன்று. காய்ந்திருக்க வேண்டும். தட்டையாக இருக்க வேண்டும். பால்மா, பிஸ்கட் வகை உறைகளுக்குக் காசு கேட்கக் கூடாது. அவரிடமிருந்து அவை புத்தளத்துச் சீமெந்துச் சூளைக்குப் போகின்றன. சீமெந்து செய்ய 1,450 பாகை வரை சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டுக்கு நிலக்கரியோடு இந்த உறைகளும் எரிபொருளாகின்றன, சாம்பல் சீமெந்தோடு கலந்துவிடுகிறது. இதை மீள்சுழற்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது. இது எரிப்பதுதான். ஆனால் வீட்டு முற்றத்தில் ஐந்நூறு அறுநூறு பாகையில் புகைய விடுவதும் இதுவும் ஒன்றில்லை. மழை விட்ட மறுநாள் வெள்ளவத்தைக் கால்வாய் கடலுக்குள் கொட்டும் சாமானைத் தண்டவாளத்துப் பக்கம் நின்று பார்ப்பவர்களுக்கு, சூளை அவ்வளவு மோசமாகத் தெரியாது.

இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் அங்கிள் ஒரு கேள்வி கேட்டார். “கெரவலப்பிட்டியில 2021லேயே குப்பையில மின்சாரம் எடுக்கத் தொடங்கிட்டாங்கள், 10 மெகாவாட். எல்லாம் அங்க போய் எரியத்தானே போகுது, பிறகென்னத்துக்குப் பிரிக்கிறீங்கள்?” நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் வாளிகளில் பாதிக்கு மேல் சோறு, தேங்காய்ப்பூ, மரக்கறித் தோல். ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன நடக்கும் என்பது அங்கிளுக்குத் தெரியும். ஈரத்தையும் காய்ந்ததையும் பிரித்து வைத்தால் எரிக்கிறவருக்கும் லாபம், உரம் போடுகிறவருக்கும் லாபம். அவர் இப்போது பிரிக்கிறார். முணுமுணுத்துக்கொண்டுதான்.

பால்மா பக்கற்றைச் சுத்தம் பண்ணுகிற விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக் காரியமும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. மேலே மட்டும் வெட்டிய பக்கற்றைத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் சரிவராது. மா ஒளிந்திருப்பது அடி மடிப்பில். கத்தரிக்கோலால் அடியையும் ஒரு பக்கத்தையும் வெட்டிப் புத்தகம் போல விரித்துவிட வேண்டும். காய்ந்த துணியால் முதலில் துடைக்க வேண்டும், தண்ணீர் முதலில் பட்டால் மா பசையாகிவிடும். அப்புறம் பாத்திரம் கழுவின கடைசித் தண்ணீரில் ஒரு தோய்ப்பு. இதற்கென்று குழாயைத் திறக்கத் தேவையில்லை. உடுப்புக் கொடியில் கிளிப் போட்டு, வெள்ளிப் பக்கம் வெளியே தெரிய விட்டால் வெயில் நாளில் இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். மழை நாளில் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கச் சூட்டில் வைக்கிறேன். காய்ந்ததை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி றப்பர் வளையம் போட்டால் ஒரு மாதத்துப் பக்கற்றுகள் ஒரு அப்பியாசக் கொப்பிக்குள் அடங்கும். முன்பு கால் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த அதே சாமான்.

யோகட் கோப்பை வேறு கதை. பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 5 என்றால் பொலிப்புரொப்பிலீன், 6 என்றால் பொலிஸ்டைரீன். இலக்கம் அழிந்திருந்தால் விளிம்பை மடித்துப் பார்க்கலாம். 5 வளையும், 6 “டக்” என்று முறியும். அப்படியும் சந்தேகம் என்றால் ஒரு துண்டை வெட்டிச் சவர்க்காரத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். 5 மேலே வரும், 6 தாழும். சவர்க்காரம் போடாவிட்டால் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு தாழ வேண்டியதும் மிதக்கும். நான் ஒரு கிழமை அப்படித்தான் ஏமாந்தேன். எங்களிடம் எடுப்பவர் 5ஐ மட்டும் எடுக்கிறார். 6 வந்தால் பால்கனியில் கொத்தமல்லி முளைக்க வைக்கிறேன், ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை கொத்தமல்லிக் கோப்பை தேவைப்படும்?

கண்ணாடியில் எல்லோரும் விடுகிற ஒரு பிழை. ஜாம் போத்தல், சோஸ் போத்தல் ஹொரணைக் கண்ணாடித் தொழிற்சாலை வரை போய்த் திரும்பவும் போத்தலாகும். ஆனால் உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, அடுப்பில் வைக்கிற கண்ணாடிப் பாத்திரம், பீங்கான் கோப்பை இவற்றை அதோடு போடக் கூடாது. சேர்மானமோ உருகும் சூடோ வேறு. பீங்கானோ அடுப்புக் கண்ணாடியோ ஒரு துண்டு கலந்தாலும் புதுப் போத்தலில் கல் போல நின்று வெடிக்க வைக்கலாம்.

தண்ணீரும் சோடாவும் வரும் பெற் (PET) பிளாஸ்டிக் போத்தலைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. அது தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். ஹொரணையில் அதை நூலாக்குகிறார்கள். 2019 உலகக் கிண்ணத்தில் எங்கள் அணி போட்ட சட்டை கடல் பிளாஸ்டிக்கில் செய்தது என்று சொன்னதும் ஐந்தாம் மாடிப் பொடியன்கள் மூடி வேறு போத்தல் வேறாகக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டு கிழமை.

அந்த முதல் ஐந்து மாதத்தில் எறும்பை விட மோசமான ஒரு பிழையும் செய்தேன். எங்கள் கட்டிடத்தைக் கூட்டித் துடைக்கும் ஐயா பண்டாரவளைப் பக்கம். அறுபது வயது தாண்டியவர். வாளிகள் வந்த பிறகு ஆள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார். எனக்குக் காரணம் தெரியவில்லை. ஒரு நாள் காவலாளித் தம்பிதான் சொன்னார். அதுவரை போத்தல், பேப்பர், காட்போட் மட்டைகளை ஐயா எடுத்து வைத்துப் போத்தல் பத்தரக்காரருக்கு விற்றுவந்தார். அவருடைய தேத்தண்ணீர்ச் செலவும், ஊருக்கு எடுக்கிற ரீலோட் காசும் அதில்தான். யாரும் எடுக்காததை மட்டும் என்று தொடங்கிய நாங்கள், வாளி வந்ததும் போத்தலையும் பேப்பரையும் சேர்த்து, “சமூக நிதி” என்று பெயர் வைத்து அதைப் பிடுங்கியிருந்தோம். ஐந்து மாதத்தில் அந்த நிதியில் சேர்ந்தது ஏழாயிரம் ரூபாவுக்கும் குறைவு. அதை வைத்து நாங்கள் செய்ததென்றால் ஒரு அறிவித்தல் பலகை அடித்தோம்.

அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர், “பரவாயில்ல அம்மா, நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க” என்றார். அது இன்னும் குத்தியது. இப்போது விலைபோகிறதெல்லாம் ஐயாவுக்கு. பெற் போத்தல், மட்டை, தகரம், கண்ணாடி, சிரட்டை. ஆமாம், சிரட்டைக்கும் ஆள் இருக்கிறார்கள், கரி சுட எடுக்கிறார்கள். விலைபோகாததுதான் குழுவின் பொறுப்பு. இந்தப் பிரிப்பு வந்த பிறகு வாளிக்குள் தப்பான சாமான் விழுவது தானாகக் குறைந்தது. தன் பக்கத்தை அவர் ஒரு நாளைக்கு மூன்று முறை பார்க்கிறார். எங்கள் குழுவில் மூன்று நாளைக்கு ஒரு முறை பார்ப்பவர்கூட இல்லை. குப்பை லொறியின் பக்கவாட்டில் தொங்கும் சாக்குகளும் இதே கதைதான். லொறியில் நிற்பவர்கள் விலைபோகிறதைப் பொறுக்கி அதற்குள் போடுகிறார்கள். எங்களுக்கு முன்பே இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் கைதட்டியவர்கள் ஒருவரும் பால்மா பக்கற்றைத் தொடுவதில்லை. தொடுவது வீட்டு வேலைக்கு வரும் அக்காமார், அம்மம்மாமார். நாங்கள் ஒட்டிய மும்மொழி அறிவித்தலை அவர்கள் நின்று வாசிக்கவில்லை, வாசிக்க நேரமும் இல்லை. மூன்றாம் மாடி மாமி வந்து பார்த்துவிட்டு, “பிள்ளை, எழுதி வைச்சா ஆர் பாக்கிறது? சாமானையே தொங்க விடு” என்றார். அப்படியே செய்தோம். ஒரு பலகையில் நிஜமான பால்மா பக்கற், வெட்டி விரித்தது ஒன்று, வெட்டாதது ஒன்று. வெட்டாததன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஆணி அடித்து வாளிக்கு மேலே தொங்குகிறது. பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவுக்கும் எங்களுக்கும் இடையில் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரும் அக்காமார் எல்லோரையும் கூப்பிட்டுத் தேத்தண்ணீரும் வடையும் கொடுத்து, வெட்டுவதைச் செய்து காட்டினோம். அரை மணித்தியாலம். அந்த வருடத்தில் பயன்பட்ட ஒரே கூட்டம் அதுதான்.

ஆபத்தான சாமான்கள் சிலவற்றுக்குத் தனியாக வழி செய்ய வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் வீங்கிய பவர் பேங்கைப் பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டிருந்தார். ஐயாதான் கண்டுபிடித்தார். வெயிலில் சூடாகி, அமுக்குப்பட்டு நெருப்புப் பிடித்திருந்தால், பக்கத்தில் டீசல் இருக்கும் அறை. இப்போது பழைய பிஸ்கட் தகரம் ஒன்றில் காய்ந்த மணல் போட்டுக் கட்டிடத்துக்கு வெளியே கூரைக்குக் கீழே வைத்திருக்கிறோம். லித்தியம் பற்றரிகளின் முனைகளுக்கு ரேப் ஒட்டித்தான் அதற்குள் வைக்கலாம். பழைய போன், சார்ஜர், ரிமோட் போன்றவற்றைக் கொடுக்கும்போது மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று கேளுங்கள். இல்லாதவர்கள் செம்புக்காக வயரை எரிப்பார்கள், மிச்சம் கால்வாய்க்குப் போகும். சி.எஃப்.எல். மின்குமிழில் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. வாங்கும்போது வந்த மட்டைப் பெட்டியிலேயே திருப்பி வைத்தால் உடையாது. எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் மின்சாமான் கடைக்காரர் வாங்கி வைக்கச் சம்மதித்திருக்கிறார். வீட்டுக்குள் உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த அறையை விட்டுப் போய்விடுங்கள். பிறகு துண்டுகளைக் கெட்டி மட்டையால் அள்ளி, தூளை ஒட்டும் ரேப்பால் ஒற்றி எடுங்கள். தும்புத்தடி வேண்டாம்.

முடியாமல் கைவிட்டவையும் இருக்கின்றன. ரீவிப் பெட்டிக்குள் வரும் ரெஜிபோம் முழுக்கக் காற்று, அதை ஏற்றிப் போக யாரும் இல்லை. உணவு கட்டும் ரெஜிபோம் பெட்டியை 2017 செப்டெம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள், ரீவிக்குத் தடை இல்லை. மாத்திரை அட்டை இன்னொன்று. பி.வி.சி.யும் அலுமினியமும் ஒட்டிய சாமான். எங்கள் கட்டிடத்தில் பிரஷர், சீனி இல்லாத வீடு கிடையாது, ஆகவே வண்டி வண்டியாகச் சேரும். எடுப்பவர் இல்லை. சேர்ப்பதை நிறுத்திவிட்டோம். எல்லாவற்றையும் எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஜெனரேற்றர் அறையை நிரப்புவதை விட, இதை எடுக்க மாட்டோம் என்று பலகையில் தொங்க விடுவது நல்லது. இப்போது எங்கள் பட்டியலில் நான்கே சாமான்: பால்மா வகை உறை, 5ஆம் இலக்கக் கோப்பை, பற்றரி, மின்குமிழ்.

கடைகளில் சொப்பிங் பைக்குக் காசு எடுக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 1 முதல் வந்ததும் எங்கள் குப்பை வாளிகளுக்கு உள்ளே போடப் பையில்லாமல் ஒரு கிழமை பெரிய ஆரவாரம். பிறகு ஈரக் குப்பைக்குப் பழைய பேப்பர் மடித்துப் போடப் பழகிவிட்டார்கள். பேப்பர் குறைகிறது என்று ஐயாவுக்கு மட்டும் சின்ன மனவருத்தம்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓட்டோ ஒன்று வருகிறது. கூலி வீட்டுக்கு ஐம்பது ரூபாவாகப் பராமரிப்புக் காசோடு சேர்த்து எடுக்கிறோம். போன மாதம் உறை மட்டும் 4 கிலோ 200 கிராம். கட்டுகளைப் பார்த்து ஏற்றிவிடும் பொறுப்பை மாமி தானாகவே எடுத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டாக விரித்துப் பார்க்கிறார். அன்று ஒரு கட்டை மட்டும் ஓட்டோவில் ஏற்ற விடாமல் காவலாளித் தம்பியிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அடி மடிப்பில் இன்னும் மா இருக்கிறதாம்.

கட்டில் எழுதியிருந்தது என் வீட்டு இலக்கம்.